மாஜரின் கொழும்புக்குப் போனான்

பாதித் தலை வெட்டியிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சலூனில் என் இடது பக்கம் முடிந்து, கத்தரிக்கோல் வலது பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு மேலே இருந்த தொலைக்காட்சியில் ஒரு பெண் சிரித்தபடி சொன்னார்: வீட்டில் கேக் செய்பவரா நீங்கள்? எங்கள் போட்டிக்கு வாருங்கள், நாடே உங்களைப் பார்க்கும். நான் போர்த்தியிருந்த துணியோடு அப்படியே எழுந்து நின்றேன்.

"தம்பி, காது!" என்று சலூன்காரர் கத்தினார்.

காது தப்பியது. விலாசம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. பேனா இல்லை. சவர நுரையை விரலில் தொட்டுக் கண்ணாடியிலேயே எழுதிவிட்டேன். சலூன்காரர் அன்று மாலைவரை அந்தக் கண்ணாடியைத் துடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். யாரோ பெரிய இடத்துக் காரியம் என்று நினைத்துக்கொண்டாராம்.

ஊவா மாகாணத்தில் இரண்டாயிரங்களின் நடுவில் உயிரோடிருந்த மனிதர்களில் மாஜரினைப்போல் பயந்தவன் ஒருவனும் இல்லை. அவனைப்போல் கேக் செய்தவனும் இல்லை. இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் பிரச்சினை. அதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிப்பதற்குள் படிவத்தை நிரப்பித் தபாலில் போட்டுவிட்டேன். என் சுபாவம் அப்படி.

அவனுடைய சொந்தப் பெயர் பாடசாலையின் வரவு இடாப்பில் மட்டும்தான் இருந்தது. நாங்கள் தங்கிப் படித்த போடிங்கில், வகுப்பில், பஸ்ஸில், எல்லா இடத்திலும் மாஜரின்தான். ஹல்துமுல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் மூச்சு வாங்க மேலே ஏறினால் அவன் பிறந்த தேயிலைத் தோட்டம் வரும். அங்கே பட்டருக்குப் பதிலாகக் கேக்குக்குப் போடுகிற மாஜரின் கல்லாக இருக்கும். சீனியோடு சேர்த்து அடிக்க வேண்டுமென்றால் முதலில் அதை இளக்க வேண்டும். அடுப்பில் வைத்தால் எண்ணெயாகிவிடும். வெயிலில் வைக்கலாம் என்றால் மலையில் வெயில் சொன்ன நேரத்துக்கு வராது. ஆகவே அவன் மாஜரின் பெட்டியை ஸ்வெட்டருக்குள், அக்குளுக்குப் பக்கத்தில் சொருகிக்கொள்வான். உடம்புச் சூட்டில் அரை மணி நேரத்தில் பதமாகிவிடும். பதுளையில் அவ்வளவு குளிர் கிடையாது. ஆனால் பழக்கம் ஊர் பார்த்தா வருகிறது?

பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பு படிக்க நான் அந்தப் போடிங்கில் சேர்ந்த அன்று, என் அறைத்தோழனின் நெஞ்சு ஒரு பக்கம் மட்டும் சதுரமாகப் புடைத்திருப்பதைப் பார்த்து நடுங்கிப்போனேன்.

"என்னடா அது?"

"மாஜரின்."

"எதுக்குடா?"

"எளகணும்ல?"

அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல் பொருளியல் புத்தகத்தைத் திறந்துகொண்டான்.

பயத்துக்கு வருவோம். அவன் பயப்படாத பொருள் பதுளையில் இல்லை. பஸ் நடத்துனரிடம் மிச்சக் காசு கேட்கப் பயம். கேட்காமல் இறங்கினால் நடத்துனர் கூப்பிட்டுத் திட்டுவாரோ என்று அதற்கும் பயம். தொலைபேசி மணி அடித்தால் எழுந்து நிற்பான். எடுக்க மாட்டான், நிற்பான், அவ்வளவுதான். மழை பெய்தால் மண் சரியும் என்று பயம், பெய்யாவிட்டால் கொழுந்து வராது, அக்காவுக்கு வேலை நாள் குறையும் என்று பயம். தோட்டத்தில் பன்னிரண்டு வீடு ஒரே வரிசையாக ஒட்டிய லயம் அவனுடையது, அந்த லயத்திலிருந்து உயர்தரம் வரைக்கும் வந்த முதல் பிள்ளை அவன். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் அவனை வழியனுப்ப பஸ் ஏறும் இடம்வரை வந்தார்களாம். "பன்னெண்டு வீடுடா. பெயிலானா பன்னெண்டு வீட்டுக்கும் பதில் சொல்லணும்" என்பான். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டாலே உதடு வெளுக்கும்.

ஆனால் நெருப்பின் முன்னால் நிற்கும்போது மட்டும் அவன் வேறு ஆள்.

எங்கள் போடிங்குக்குக் கீழே ஒரு பேக்கரி இருந்தது. அதன் முதலாளியை ஊரே நானா என்று கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். விறகு போட்டு எரிக்கிற பழைய போறணை அடுப்பு அவருடையது. காலையில் பாண் ரொட்டி வெந்து முடிந்தபின் அதன் வயிற்றில் மத்தியானம் தாண்டியும் சூடு இருக்கும். பாடசாலை விட்டதும் அந்த மிச்சச் சூட்டில்தான் மாஜரின் கேக் போட்டான். பால்மா டின்தான் அச்சு. வெப்பமானி கிடையாது. முழங்கைவரை கையைப் போறணைக்குள் விட்டு மெதுவாக எண்ணுவான். ஐந்தில் கை சுட்டால் அது பாணுக்கான சூடு, பத்துவரை தாங்கினால் கேக்குக்கு. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கிற அடுப்புக்கு விறகு போடுகிறவர் அவன் அப்பா. அவரிடம் கற்ற வித்தை இது. அவன் வலது கையில் முழங்கைவரை ஒரு முடி இருந்ததில்லை.

"மனே, அந்தக் கையக் கொஞ்சம் பாத்துக்க. பாண் வித்தா வேற பாண் போடலாம், கை போனா வேற கை நான் எங்க போய் வாங்கிய?" என்பார் நானா.

"சும்மா இருங்க நானா, எட்டு எண்ணிட்டேன்" என்பான் இவன். பஸ் நடத்துனரைக் கண்டு நடுங்குகிற அதே ஆள்.

அந்த வருட ஆசிரியர் தினத்துக்கு ஒரு கேக் செய்தான். எங்கள் பாடசாலை உப அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாகப் பதுளையில் இருந்தும் பேச்சில் ஒரு சொல் மாறாதவர். அவருக்கு மரியாதை செய்கிறோம் என்று அவர் முகத்தையே கேக்கின்மேல் வரைந்திருந்தான். சீனியைக் கருக்கி மீசை வைத்திருந்தான். அதிபரின் உரை நீண்டது. மண்டபத்தில் புழுக்கம். வரவேற்புரை முடியும்போது மீசை உதட்டில் இருந்தது, நன்றியுரையின்போது அது தாடியாகிவிட்டது. மாஜரின் என் கையைப் பிடித்து நெரித்தபடி, "எறங்குதுடா, எறங்குதுடா" என்று முனகிக்கொண்டே இருந்தான். உப அதிபர் கேக்கைக் குனிந்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கத்தியை வாங்கி, தன் இடது காதை மட்டும் வெட்டிச் சாப்பிட்டார்.

"ருசி நல்லம்" என்றார். "ஆனா தம்பி, உமக்குக் கணக்கியலிலை எத்தினை மார்க்ஸ்?"

மாஜரின் மூன்று நாள் சாப்பிடவில்லை.

இப்படிப்பட்டவனுக்குத்தான் நான் படிவம் அனுப்பியிருந்தேன். சொல்லாமல். ஒரு மாதம் கழித்து பேக்கரிக்குத் தொலைபேசி வந்தது. நானா அடுப்படியிலிருந்து கத்தினார்: "மாஜரின் மனே! ஒங்களத் தேடி கொழும்புல இருந்து பேசிய! டீவியாம்!"

அவன் எழுந்து நின்றான். எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன், அவன் குரலில் பேசினேன், தேர்வானதற்கு நன்றி சொன்னேன், வருகிறேன் என்றும் சொன்னேன். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் அவன் மாவு மூட்டையில் உட்கார்ந்திருந்தான்.

"யாரைக் கேட்டுடா அனுப்புன?"

"உனக்கு நல்லதுக்குத்தான்டா."

"பரீட்சைக்கு எத்தன மாசம் இருக்குன்னு தெரியுமா?"

"ஒரு நாள் போய்ட்டு வரப்போற. அதுக்குள்ள என்னாடா ஆகிறப்போகுது?"

என்ன ஆகும் என்பதை மறுநாள் உப அதிபர் விளக்கினார். வரவு இடாப்பை மேசையில் விரித்துவைத்து, மாஜரினின் வரிசையில் விரலை ஓட்டினார். மழைக்காலத்தில் வீதி சரிந்து, ஊருக்குப் போனவன் திரும்ப முடியாமல் நின்ற நாட்களெல்லாம் அதில் சிவப்பாக இருந்தன.

"இனி ஒன்பது நாள் லீவுதான் மிச்சம் இருக்கு. பத்தாவது நாள் இவர் வராட்டில், பரீட்சைக்குப் பெயர் போகாது. பிறகு என்னட்டை வந்து நிண்டு பிரயோசனமில்லை. விளங்கிச்சோ?"

எனக்கு விளங்கியது. கொழும்புக்குப் போக ஒரு நாள், படப்பிடிப்புக்கு ஒரு நாள், திரும்ப ஒரு நாள். ஒரு சுற்றுக்கு மூன்று நாள். மூன்று சுற்று போனாலும் ஒன்பதில் அடங்கிவிடும் என்று கூட்டிப் பார்த்து நிம்மதியடைந்தேன். எத்தனை சுற்று என்று படிவத்தின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள். நான் முன்பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன்.

போடிங் சுவரில் சோக்கால் ஒன்பது கோடு போட்டேன். மாஜரின் அதைப் பார்த்துவிட்டுப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

முதல் பயணத்துக்கு நானும் போனேன். என் வரவு தாராளமாக இருந்தது. காலை ரயிலில் ஏறி, பண்டாரவளை தாண்டும்வரை அவன் பேசவில்லை. அதன்பிறகு நிறுத்தவில்லை. கேக் எரிந்தால்? மின்சாரம் நின்றால்? நடுவருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாவிட்டால்? ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு கேள்வி. அந்தப் பாதையில் எத்தனை சுரங்கம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அது போரும் சோதனைச் சாவடிகளுமான காலம். கொழும்பு ரயில் நிலைய வாசலில் வரிசையில் நின்றபோதுதான் அவன் பையில் என்ன இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. பெயர் ஒட்டாத ஆறு போத்தல்கள். ஆறிலும் வெள்ளைத் தூள். ஐசிங் சீனி, சோளமாவு, பேக்கிங் பவுடர், இன்னும் என்னவோ. இரண்டு மலையகப் பையன்கள், புது அடையாள அட்டை, ஆறு போத்தல் வெள்ளைத் தூள்.

காவலர் ஒரு போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "மே மொகக்த?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். மாஜரினுக்குச் சிங்களம் நன்றாக வரும். பயத்தில் அன்று எந்த மொழியும் வரவில்லை. ஆபத்தில்லாத பொருள் என்று காட்ட, அவன் பையிலிருந்து ஒரு போத்தலைத் திறந்து ஒரு கைப்பிடியை வாயில் போட்டுக்கொண்டான். ஆறில் அவன் கைக்கு வந்தது பேக்கிங் பவுடர்.

வாயில் நுரை எழும்ப ஆரம்பித்தது. காவலர் பதறிப்போய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். தண்ணீர் கொடுத்ததுதான் தவறு. நுரை மூக்குவரை வந்தது. வரிசை பின்வாங்கியது. ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "கேக்! கேக்!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். பையிலிருந்த மாதிரிக் கேக்கைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஒரு துண்டு சாப்பிட்டார். யோசித்தார். இரண்டாவது துண்டும் சாப்பிட்டார். போ என்று கை காட்டினார். மாஜரின் வாயைத் துடைத்துக்கொண்டு, "பவுடர் பழசுடா. நல்லதா இருந்தா இன்னும் பொங்கியிருக்கும்" என்றான்.

மறுநாள் படப்பிடிப்பு. மண்டபம் நிறைய விளக்கு. அவ்வளவு விளக்கையும் எங்கள் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோனால் கொழுந்து செடியிலேயே காய்ந்துவிடும். மாஜரின் ஸ்வெட்டரோடு வந்திருந்தான். கழற்று என்றால் கேட்கவில்லை, "டீவிக்கு இதுதான் நல்ல உடுப்பு" என்றான். போட்டி தொடங்கியதும் குளிர்பெட்டியிலிருந்து பட்டர் எடுத்துக் கொடுத்தார்கள். கல். அதைத் தொட்டதும் அவன் கை தானாகவே நடந்தது. பட்டர் ஸ்வெட்டருக்குள் போனது.

நான் பார்வையாளர் வரிசையிலிருந்து, "வேணாம்டா!" என்று வாயசைத்தேன். நான் வாழ்த்துகிறேன் என்று நினைத்து அவன் தலையாட்டிவிட்டு முட்டை உடைக்கப் போனான்.

பத்து நிமிடம் கழித்து அறிவிப்பாளர் அக்கா மைக்கோடு அவன் பக்கம் வந்தார். கீழே பார்த்தார். "தம்பி, உங்க சப்பாத்துல என்னமோ வழியுதே?"

மாஜரினும் கீழே பார்த்தான். "பட்டர், அக்கா."

"பட்டர் எப்படி அங்க போச்சு?"

"எளக வச்சேன். கொழும்பு கொஞ்சம் கூடுதலா எளக்கிருச்சு."

மண்டபம் சிரித்தது. கமரா அவன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு இருக்கைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. பன்னிரண்டு வீடும் இதைப் பார்க்கப்போகிறது. நான் அனுப்பிய படிவம். நான் பேசிய தொலைபேசி. இன்னொரு பட்டர் கொடுத்தார்கள், அதுவும் கல், இளக்க நேரமில்லை. நாற்பது நிமிடம் மிச்சம். மாஜரின் அந்தக் கட்டியை முறைத்துப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது. பிறகு ஸ்வெட்டரைக் கழற்றி மூலையில் போட்டான், கையைக் கழுவினான், பட்டரை அப்படியே சட்டியில் எறிந்தான்.

"உருகணும்னுதானே நிக்கிற? உருகு" என்றான் அதைப் பார்த்து.

உருகிய பட்டரில் ரவையைப் போட்டு வறுத்தான். மண்டபம் முழுக்க மணம். முட்டையும் சீனியும் சேர்த்துத் தட்டில் ஊற்றினான். அவனுக்குக் கொடுத்திருந்தது கண்ணாடிக் கதவும் எண் பொறித்த திருகும் உள்ள மின்சார அடுப்பு. அவன் கதவைத் திறந்து முழங்கைவரை கையை விட்டு எண்ண ஆரம்பித்தான். நடுவர்களில் கண்ணாடி போட்ட மேடம் எழுந்தே விட்டார்.

"தம்பி! சூடு எவ்வளவுன்னு நம்பர் போட்டிருக்கு!"

"நம்பர் எனக்குப் பழக்கமில்லீங்க மேடம். ஒரு நிமிஷம், ஏழு, எட்டு..."

வெந்து வந்த ரவை கேக்கின்மேல் பால் சேர்க்காத சாயத் தேநீரில் காய்ச்சிய சீனிப்பாகை ஊற்றிக் கொடுத்தான். மேடம் ஒரு கரண்டி சாப்பிட்டார். அடுத்த கரண்டியையும் எடுத்தார்.

ஒளிபரப்பான வாரமே அவனைத் தெரியாத ஆள் நாட்டில் இல்லை என்று ஆகிவிட்டது. 'பட்டர் தம்பி' என்றார்கள். பதுளை பஸ்ஸில் நடத்துனரே மிச்சத்தைத் தேடி வந்து கொடுத்தார். மாஜரின் அதை வாங்கவும் பயந்தான். சுற்றுலாக்காரர்கள் வரும் எல்ல ஊரில் கடை வைத்திருக்கிற யாரோ ஒருவர் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பேக்கரிக்கு வந்து, போறணையோடு அவனை நிறுத்திப் படம் எடுத்தார். நானா புதுச் சாரம் உடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். இரண்டாவது சுற்றில் தேறினான், மூன்றாவதிலும் தேறினான். ஊர் கைதட்டியது. நான் சுவரில் கோடுகளை அழித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சுற்று முடிந்து வந்த அன்று சுவரில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் பேக்கரிக்குத் தொலைபேசி வந்தது: இறுதிச் சுற்று அடுத்த வெள்ளிக்கிழமை, நேரடி ஒளிபரப்பு.

அவசரமாகப் படிவத்தின் நகலைத் தேடி எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். நான்கு சுற்றுகள். தெளிவாக, தடித்த எழுத்தில்.

நேராக உப அதிபரின் வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஒரே ஒரு சுற்று, சேர். இறுதிச் சுற்று, சேர். பாடசாலைக்கே பெருமை, சேர்.

"எனக்கும் தெரியும். நானும் பாக்கிறனான்" என்றார். "போன வருஷம் ஒரு பிள்ளை, தாய்க்கு வருத்தமெண்டு வீட்டிலை நிண்டது. வரவு காணேல்லை. அந்தப் பிள்ளை இந்த வாசலிலை நிண்டு அழுதது. நான் விடேல்லை. தாய்க்கு விடாதவன் கேக்குக்கு எப்பிடித் தம்பி விடுறது?"

அவர் அடுத்த செருப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

திரும்பிவந்து மாஜரினிடம் போகாதே என்றேன். ஆமாம், நானேதான். இதுவரை போ, போ என்று தள்ளியவன் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றேன். "கேக் எப்பவும் செய்யலாம்டா. பரீட்சை போனா போச்சு. பன்னெண்டு வீடுடா!"

அவன் பையில் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தான், மூன்று மொழியில்.

"இவ்வளவு நாளும் நீ தள்ளுன, நான் போனேன். இந்த தடவ நானே போறேன்."

"பயமா இல்லையாடா உனக்கு?"

"ஏன் இல்ல? நெறைய இருக்கு. ஆனா மச்சான், இது என்னோட பயம். நீ ஏன் எடுத்துக்கிற? வெலகு, ரயிலு போயிரும்."

விலகினேன். அவன் தனியாகப் போனான். நான் அன்று பாடசாலைக்குப் போய், இடாப்பில் அவன் பெயர் கூப்பிடப்பட்டு யாரும் பதில் சொல்லாத அந்த நொடியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உப அதிபர் இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். வழக்கமாக அவர் ஒரு தடவைக்கு மேல் கூப்பிடுவதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பேக்கரியில் நிற்க இடமில்லை. மாவு மேசையின்மேல் தொலைக்காட்சிப் பெட்டி. மாஜரின் இறுதிக்குச் செய்திருந்தது ஒரு லயம். பன்னிரண்டு கதவு, கருஞ்சீனியில் தகரக் கூரை, முன்னால் தண்ணீர் ஓடும் கான், கானுக்குப் பக்கத்தில் ஒரு சீனிக் கோழி. மேடம் குனிந்து பார்த்து, "இதுல உங்க வீடு எது தம்பி?" என்று கேட்டார்.

"நாலாவது, மேடம். கதவு சரியா சாத்தாது."

மேடம் கத்தியை எடுத்து ஐந்தாவது வீட்டின்மேல் வைத்தார்.

"அய்யோ மேடம், அந்த வீட்ட வெட்டாதீங்க! அந்த அக்கா மாசமா இருக்காங்க!"

நேரடி ஒளிபரப்பு. நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. மேடத்தின் கத்தி காற்றில் நின்றது. ஆறாவது? அங்கே தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை. மூன்றாவது? இப்போதுதான் கூரை மாற்றினார்கள். கடைசியில் மேடம் கத்தியை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார், நடுவரான பெரிய ஹோட்டல் சமையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மாஜரின் தானே கத்தியை வாங்கி நாலாவது வீட்டை வெட்டிக் கொடுத்தான்.

அவன் பெயரைச் சொன்னபோது, அவனுடைய சொந்தப் பெயரை, பேக்கரியில் பாதிப் பேருக்கு யார் வென்றது என்றே தெரியவில்லை. "நம்ம மாஜரின்தான்! நம்ம மாஜரின்தான்!" என்று நானா மாவுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார்.

கூட்டத்துக்குப் பின்னால் உப அதிபர் நின்றுகொண்டிருந்தார். பாண் வாங்க வந்தவர். கையில் குடை, மடித்தபடி. வெளியே மழை, அவர் நனைந்திருந்தார். எப்போதிலிருந்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரோ.

"நல்லாச் செய்திட்டார்" என்றார் என்னிடம். பிறகு, "பட்டியல் இண்டைக்குக் காலமை அனுப்பியாச்சு" என்றார். பாணை வாங்க மறந்துவிட்டுப் போனார்.

ஏழு மணி இருக்கும், மறுபடி தொலைபேசி. தோட்டத்துக் கடையிலிருந்து மாஜரினின் அம்மா. பின்னால் பன்னிரண்டு வீட்டுச் சத்தமும் கேட்டது. பட்டாசு வேறு.

"தம்பி, பாத்தோங்க. கோழிய எல்லாம் எப்படிச் செஞ்சான் பாருங்க! அஞ்சாம் வீட்டு புள்ள ஒரே சிரிப்பு." கொஞ்சம் நிறுத்தினார். "தம்பி, பரீட்சை எப்பங்க? கொழுந்து கூடுன மாசம், கையில காசிருக்கு, அவனுக்கு உடுப்பு தைக்கக் குடுக்கணும், அதான் கேட்டேன்."

எப்போதும் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறவன் நான். அன்று ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அவன் வந்து சொல்லுவான், அம்மா" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அவன் வந்தான். நேராக ஹல்துமுல்லைக்குப் போய் அவனே சொன்னான். என்ன சொன்னான், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது புது உடுப்புப் பார்சல் ஒன்று கையில் இருந்தது. தைத்துக் கொடுத்தே விட்டார்கள்.

நான் அந்த வருடம் பரீட்சை எழுதினேன், தேறினேன், மூன்று இடத்தில் சேர்ந்து மூன்றையும் பாதியில் விட்டேன். இப்போது இப்படிப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். மாஜரினுக்குப் பண்டாரவளையில் சொந்தக் கடை இருக்கிறது. பஸ்ஸின் பின்புறங்களில் அவன் முகம் பெரிதாகச் சிரிக்கிறது. கல்யாணக் கேக்குக்கு நான்கு மாதம் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும். அமைச்சர் வீட்டுக் கேக் ஒன்றுக்குக்கூடக் காத்திருக்கச் சொன்னானாம். சொல்லிவிட்டு இரண்டு நாள் பயத்தில் கடையைத் திறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

போன வாரம் என்னைக் கூப்பிட்டான். வரப்போகிற ஆவணியில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதப்போகிறானாம். பொருளியல் நான் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில், கடை பூட்டிய பிறகு. கணக்கியலுக்கு மாலை வகுப்பொன்றில் சேர்கிறான். அங்கே பாடம் எடுப்பவர் ஓய்வுபெற்ற நம் உப அதிபர்தான். அவர் கேட்டது ஒன்றே ஒன்றாம்: "வகுப்புக்கு ஒழுங்கா வருவீரோ?"

சேர்வதற்கான படிவத்தை நிரப்பி, பிழை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் நீட்டினான். இந்தத் தடவை பின்பக்கத்தையும் படித்தேன். பெயர், விலாசம், எல்லாம் சரி. தொழில் என்று கேட்டிருந்த இடத்தில், நாடறிந்த அந்தக் கேக்குக்காரன் அழகான கையெழுத்தில் 'மாணவன்' என்று எழுதியிருந்தான்.

நான் திருத்தவில்லை.